சிவசைலம் சார் உள்ளே இருக்கிறார்

பூவரசங்குளத்தில் அந்த வருஷம் மூன்று காரியங்கள் நடந்தன. பத்து வருஷம் கழித்துக் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது, பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்குக் கதவு போட்டார்கள், அரசு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் வாத்தியார் சிவசைலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்குத் தன் பாட்டுப் பெட்டிக்குள் போய்விட்டார். இந்த மூன்றில் ஊர் நம்பாதது கதவு போட்டதை மட்டும்தான். அதைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட உண்டு.

பாட்டுப் பெட்டி என்றால் இன்றைக்குள்ள பிள்ளைகளுக்கு விளங்காது. உள்ளங்கைக்குள் அடங்கும், போன் மாதிரியே இருக்கும், ஆனால் அதிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது, யாரும் நம்மைக் கூப்பிடவும் முடியாது; முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரே ஒரு வட்டப் பொத்தான், பின்பக்கம் முகம் பார்த்துப் பொட்டு வைக்கிற அளவுக்குப் பளபளப்பான தகடு, அந்தத் தகட்டில் மூச்சுப் பட்டாலே கீறல் விழும். கம்ப்யூட்டரில் வயரைச் சொருகி ஒவ்வொரு பாட்டாக உள்ளே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால், கண்ணாடியை விரலால் தள்ளத் தள்ளப் பாட்டுகளும் படங்களும் எண்ணெய் தடவிய பலகையில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். மஸ்கட்டில் வேலை பார்த்த மங்கையர்க்கரசியின் தம்பி, "அக்கா சமைச்சுக்கிட்டே பாட்டுக் கேக்கட்டும்" என்று அதை வாங்கிக்கொண்டு வந்தான். அக்கா இரண்டு பாட்டுக் கேட்டாள். மூன்றாவது பாட்டுக்கு அது அவள் வீட்டுக்காரர் சிவசைலத்தின் கைக்குப் போனது, போனது போனதுதான்.

அன்றிலிருந்து அவர் கட்டைவிரல் கண்ணாடியை விட்டு எடுபடவில்லை. சாப்பிடும்போது தள்ளினார், சவரம் பண்ணும்போது தள்ளினார், வகுப்பில் பிள்ளைகளை "வாசிங்கல" என்று விட்டுவிட்டு மேசைக்கடியில் வைத்துத் தள்ளினார், பெண்டாட்டி பேசும்போது அவள் பேச்சையும் சேர்த்துத் தள்ளினார். இப்படி ஒரு வருஷம் தள்ளித் தள்ளிக் கண்ணாடி இளகிப்போயிருந்த ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் திறந்த மறுநாள், கட்டைவிரல் நகக்கண்வரை உள்ளே இறங்கியது, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. அதற்காக அவர் தள்ளுவதை நிறுத்தவில்லை. கோயிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே போனார். மங்கையர்க்கரசி காபியோடு வந்து பார்த்தபோது நாற்காலியில் பெட்டி மட்டும் கிடந்தது, கண்ணாடிக்குள்ளே பாட்டு வரிசைக்கு நடுவில், சுண்டுவிரல் உயரத்தில், அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"காபிய என்ன செய்ய?" என்றாள். முதலில் அவளுக்குத் தோன்றியது அதுதான்.

"அங்கன வச்சிட்டுப் போ," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

பத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வந்துகொண்டிருந்தது என்பதால், அவள் காபியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அடுப்படியில் போய் நின்ற பிறகுதான் ஜன்னல் வழியாக அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள்.

எதிர்வீட்டுச் சண்முகவடிவு வந்து பெட்டியைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"குடிக்காவளா?"

"இல்லக்கா."

"வேற எங்கயும் போறாவளா?"

"எங்க போக? இதுக்குள்ளதான இருக்காவ."

"பொறவு என்னட்டி? என் வீட்டுக்காரர எந்த ஓடைக்குள்ள கெடக்காருன்னு நான் தேடுத மாதிரி நீ தேட வேண்டாம்லா. குடுத்து வச்சவ."

சாயங்காலத்துக்குள் தெருவே அவளைக் குடுத்து வச்சவள் என்று முடிவு கட்டிவிட்டது. இரண்டு பெண்கள் அந்தப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். ஒருத்தி, இதைவிடச் சின்னதாக வருமா என்று கேட்டாள்.

சம்பளம் நின்றுபோகுமே என்கிற பயத்தில் மறுநாள் மங்கையர்க்கரசி பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஹெட்மாஸ்டர் குற்றாலலிங்கம் விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டி, கடைசியில் சொன்னார்: "வேலை நேரத்துல ஆசிரியர் பள்ளி வளாகத்துக்குள்ள இருக்கணும்னுதாம்மா போட்டிருக்கு. எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு போடல. நீங்க தெனமும் கொண்டாந்து மேசையில வச்சிருங்க."

"வச்சிட்டு, சார்?"

"வச்சிட்டு நிக்கணும். சார் அணைஞ்சிராமப் பாத்துக்கிடணும்."

ஒரு நிமிஷம் யாரும் தொடாமல் இருந்தால் கண்ணாடி இருட்டாகிவிடும். ஆகவே மங்கையர்க்கரசி பிளஸ் டூ வகுப்பில், கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவில், நிமிஷத்துக்கு ஒருதரம் புருஷனைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே இருந்தபடி, "பதினாலாம் பக்கத்த வாசி" என்பார், ஒரு பாட்டைத் தலையணையாக வைத்துச் சாய்ந்துகொள்வார். அவள் வாசித்தாள். நாலாம் நாள், முதல் பெஞ்சில் இருந்த செய்யதலி பாத்திமா என்கிற பெண் எழுந்தாள்.

"டீச்சர், மின்தேக்கில ரெண்டு தகடும் ஒண்ணையொண்ணு தொடவே தொடாதுன்னா, நடுவுல எப்படி டீச்சர் சக்தி தங்கும்?"

"பரீட்சைக்கு வராததக் கேக்காத," என்றது பெட்டி.

மங்கையர்க்கரசி பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முதல் வகுப்பில் தேறியவள், கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பத்து மாதம் பாடம் நடத்தியவள். பெண் பார்க்க வந்தபோது சிவசைலத்தின் அப்பா, "எங்க வீட்டுல பொண்ணு வேலைக்குப் போற வழக்கமில்ல" என்று சொன்னதோடு அது முடிந்தது. இவர் இரண்டாம் வகுப்பில் தேறியவர் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் இப்போது சுண்ணக்கட்டியை எடுத்தாள். கை முதலில் தயங்கியது, பிறகு தயங்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் பிள்ளைகளிடம் காட்டி, "இந்தக் கண்ணாடிக்குக் கீழ ஒரு தகடு இருக்கு. என் விரல் இன்னொரு தகடு. ரெண்டும் தொடல, நடுவுல கண்ணாடி. ஆனா பக்கத்துல போனதும் இதுக்குத் தெரிஞ்சுபோகுது பாரு. பக்கத்துல இருந்தும் தொடாம இருக்கதுனாலதான் நடுவுல அவ்வளவும் தேங்குது," என்றாள். பெண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "எனக்குக் கூசுதுல்லா," என்று பெட்டிக்குள்ளிருந்து சிவசைலம் கத்தினார்.

அப்போதுதான் அவள் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருப்பதைக் கவனித்தாள். கீழ்ப்பொத்தானை அழுத்த அழுத்த அவர் சத்தம் குறைந்துகொண்டே போய், கடைசியில் வாய் மட்டும் அசைந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்ட சௌகரியங்களில் அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல முடியாது.

அந்த வருஷம் இயற்பியலில் ஒரு பிள்ளைகூடத் தோற்கவில்லை. அடுத்த வருஷமும் தோற்கவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு சங்கத்துக்காரர்கள் சிவசைலத்துக்குச் சிறந்த ஆசிரியர் விருது கொடுத்தார்கள். மேடையில் பெட்டியை ஏந்திக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவள் நின்றாள். பேப்பரில் வந்த படத்தில் கேடயம் இருந்தது, சால்வை இருந்தது, பெட்டி இருந்தது, பெட்டிக்குக் கீழே வளையல் போட்ட ஒரு கை மணிக்கட்டுவரை இருந்தது.

அதே வருஷம்தான் பெட்டியில் இடம் நிறைந்தது. எட்டு ஜிபிக்கு மேல் அது ஒரு நெல்மணியைக்கூடத் தாங்காது. புதிதாகப் பாட்டு ஏற்ற வேண்டுமானால் பழையது எதையாவது அழிக்க வேண்டும். சிவசைலம் ஒருநாள் முழுக்க யோசித்தார். பாட்டுகளை அழிக்க மனசு வரவில்லை. கிரிக்கெட்டை அழிக்க முடியாது. நாட்டு நடப்பு பற்றி அவருக்கிருந்த கருத்துகள் நிறைய இடம் பிடித்தன, ஆனால் அவை இல்லாமல் ஒரு மனுஷன் எப்படிப் பேசுவது? "இந்த இயற்பியல எடுத்துரு மங்கை, அது சும்மாதான் கெடக்கு," என்றார். அவள் தேர்ந்தெடுத்து அழுத்தினாள், நிலைமின்னியலில் தொடங்கி அணுக்கரு வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு பத்து வருஷம் இயற்பியல் ஒரு சொல்கூடத் தெரியாத இயற்பியல் வாத்தியாராக அவர் அந்த மேசையில் இருந்தார், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் உட்பட ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மகள் காந்திமதியின் கல்யாணத்தில் தாரை வார்க்கிற நேரம் வந்தபோது, தண்ணீர் பட்டால் பெட்டி கெட்டுவிடும் என்று அவரைப் பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பேண்டு கட்டி மங்கையர்க்கரசியின் மடியில் வைத்தார்கள். "தகப்பனார் கைய முன்னால நீட்டச் சொல்லுங்கோ," என்றார் ஐயர். அப்புறம் அவரே பையின் ஒரு மூலையை இழுத்து மகளின் கைக்கு அடியில் வைத்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். சம்பந்தி வீட்டார் போகும்போது, "மாப்பிள்ளைக்கு மாமனார்னா இப்படி அமையணும். ஒரு வார்த்தை எடுத்தெறிஞ்சு பேசலயே," என்று மெச்சினார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தவள் அவர்களுக்குத் தாம்பூலப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

இதையெல்லாம் ஊர் தாங்கிக்கொண்டது. அவள் தாங்கியது வேறு. 2015 மழையில் மூன்று நாள் கரண்டு இல்லை. பெட்டியில் சார்ஜ் இருபதாகி, பத்தாகி, சிவப்புக் கோடானது. தீர்ந்துபோனால் அவர் தூங்குவாரா செத்துப்போவாரா என்று சொல்ல யாருக்கும் தெரியாது, பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முழங்கால் தண்ணீரில் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரைஸ்மில்லுக்கு நடந்தாள். அங்கே ஜெனரேட்டர் ஓடியது. தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, வயர் கழன்றுவிடாமல் பகல் முழுக்கக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். இது பிரியமா, பழக்கமா, தாலிப் பயமா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்குள் அவர் முகம் மங்கி மங்கித் தெரிந்தபோது மட்டும், "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர், "பாட்டு நடுவுல நிக்குது பாரு," என்றார்.

பிறகு ஊரில் எல்லார் கையிலும் போன் வந்தது. பாட்டும் படமும் பேச்சும் எல்லாம் அதிலேயே ஓடியது. பெட்டியைப் பார்த்துப் பிள்ளைகள், "சார் ஏன் டீச்சர் இவ்வளவு பழைய மாடல்ல இருக்காவ?" என்று கேட்டார்கள். அந்த அகல வாய் வயர் தென்காசியில் கிடைக்கவில்லை, திருநெல்வேலியில் கிடைக்கவில்லை, பழைய வயரையே டேப் சுற்றிச் சுற்றி அது புடலங்காய் மொத்தத்துக்கு வந்துவிட்டது. கொரோனாவில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியதும் எல்லா வாத்தியார்களும் போனுக்குள் இருந்து பாடம் நடத்தவேண்டி வந்தபோது, குற்றாலலிங்கம் நெகிழ்ந்துபோனார். "சிவசைலம் சார் பதினோரு வருஷத்துக்கு முன்னயே இத யோசிச்சிருக்காரு பாருங்க. அதுதான் தீர்க்கதரிசனம்!" மங்கையர்க்கரசி அப்போது சோப்புப் பெட்டிமேல் போனைச் சாய்த்துவைத்து, சமையல்கட்டுச் சுவரில் குவிலென்சு வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

2022 மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி சிவசைலம் ஓய்வு பெற்றார். பந்தல் போட்டு, பெட்டியை நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். மாலை விழுந்ததும் அவர் தெரியாமல் போனதால் அதன்பின் பேசியவர்கள் எல்லாரும் செவ்வந்திப் பூவைப் பார்த்துத்தான் பேசினார்கள். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்த செய்யதலி பாத்திமா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மைக் அவள் கைக்கு வந்தபோது அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை.

"எனக்கு இயற்பியல் நடத்துனது மங்கை டீச்சர். இந்தப் பெட்டில இருந்து நான் குறட்டையத் தவிர வேற ஒண்ணும் கேட்டதில்ல."

"பிள்ள அப்பவே தமாஷாத்தான் பேசும்," என்று குற்றாலலிங்கம் சிரித்துவிட்டு மைக்கை வாங்கிப் பூவுக்குள் வைத்தார். சிவசைலம் ஏற்புரையில் ஹெட்மாஸ்டருக்கு நன்றி சொன்னார், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குச் சொன்னார், மின்வாரியத்துக்குச் சொன்னார், வயருக்குச் சொன்னார். மங்கையர்க்கரசி கடைசிவரை காத்திருந்தாள். காத்திருந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது முன்னறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சிவசைலம் முழு உயரத்தில் நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது, மற்றபடி போன மாதிரியே இருந்தார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எப்படிங்க வந்தீங்க? கண்ணாடி ஒடஞ்சதா? அடி பட்டுச்சா?"

"கண்ணாடி எதுக்கு ஒடையணும்? கால வெளிய வச்சா வந்திரலாம்."

"எப்ப வேணும்னாலும் வந்திருக்கலாமா?"

"வரலாம். வந்தா வேலைக்குப் போகணும்லா," என்றார் சிவசைலம், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "இனி என்ன, வேலை முடிஞ்சிட்டு. வீட்டுல நிம்மதியா இருக்கலாம். காபி கொண்டா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ரைஸ்மில் தவிட்டு மூட்டை ஞாபகம் வந்தது, அதில் மரத்துப்போன கை ஞாபகம் வந்தது. அழுகை நடுவிலேயே நின்றுபோய்விட்டது, அதன்பின் வரவில்லை. தெரு முழுக்க வந்து அவரைப் பார்த்தது. "சார், கொஞ்சம் எளைச்சாப்ல இருக்கீங்களே," என்றார்கள்.

சார் இடம் காலியாக இருந்தது, புது ஆள் போடவில்லை, அதுவரை பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகத் தற்காலிகமாக ஒருத்தரை வைக்கலாம் என்று பேச்சு. மங்கையர்க்கரசி விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனாள். குற்றாலலிங்கம் இரண்டுதரம் படித்தார்.

"எல்லாம் சரிம்மா. அனுபவச் சான்றிதழ் இல்லையே?"

"பதிமூணு வருஷம் இங்கனதான சார் நின்னேன்?"

"நின்னீங்க. நடத்துனது சார்லா? அவர் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டாருன்னா பாக்கலாம்."

வீட்டில் சிவசைலம் பேனாவைக் கையில்கூட வாங்கவில்லை. "நீ நடத்துனேன்னு நான் எழுதிக் குடுத்தா, அப்ப நீ என்ன பண்ணுனேன்னு என்னக் கேப்பான்லா?"

"என்ன பண்ணுனீங்க?"

"இருந்தேன்," என்றார். அது அவருக்கே போதாத மாதிரி பட்டிருக்க வேண்டும். "நான் இருந்தேன்னுதான ஊரு நம்புச்சு? நீ மட்டும் தனியாப் போயி நின்னிருந்தா உள்ள விட்டிருப்பானா?"

அவள் பேனாவை மூடிவைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, கஞ்சி போட்ட நூல் சேலை கட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஸ்கூலுக்கு."

"நான்தான் ரிட்டயர் ஆயிட்டேன்லா?"

"நீங்கதான ஆனீங்க," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

பூவரசங்குளத்துக்கு அன்றைக்குத்தான் ஆச்சரியம் வந்தது. ஒரு மனுஷன் பெட்டிக்குள் போனதையும் வந்ததையும் வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்ட ஊர், சார் இல்லாமல் டீச்சர் மட்டும் போகிறாள் என்று வாசலுக்கு வந்து நின்றது. டீக்கடையில் கிளாசைக் கீழே வைத்தார்கள். "கையில ஒண்ணுமே இல்லையே," என்றான் ஒருத்தன். சண்முகவடிவு தெருமுனைவரை பின்னாலேயே வந்தாள். "ஏட்டி, இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டாள். மங்கையர்க்கரசி திரும்பி, "நீங்களும் வாரீங்களாக்கா?" என்றாள். சண்முகவடிவு அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

வாசலில் குற்றாலலிங்கம் பழக்கதோஷத்தில் அவள் கையைப் பார்த்து, "சார் வரலையா?" என்றார்.

"நான் வந்திருக்கேன் சார்."

அவர் மேற்கொண்டு சொல்வதற்குள் அவள் பிளஸ் டூ வகுப்புக்குள் போய்விட்டாள். நாற்பத்தோரு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். "வணக்கம் டீச்சர்" என்று நீட்டி முழக்கினார்கள். காலி மேசையைப் பார்த்து ஒரு பையன் ஏதோ கேட்க வாயெடுத்தான், பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் கிள்ளினான். அவள் கரும்பலகையைத் துடைத்துத் தேதி எழுதினாள். குற்றாலலிங்கம் விதிப் புத்தகத்தோடு கதவுக்கு வெளியே நின்று முதல் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதிலாக அவள் கூலும் விதியைச் சொல்லத் தொடங்கியதும் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் தமிழாசிரியராக இருந்து ஹெட்மாஸ்டர் ஆனவர், அது என்னவென்று முதல்முறையாக அவருக்கு விளங்கிக்கொண்டிருந்தது.

மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தார். சிவசைலம் பெயர் சிவப்பு மையில் அடித்திருந்தது, கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"இதுல என்னன்னும்மா எழுத? தற்காலிகம்னு மட்டும் போட்டுக்கிடுவமா? பேரு பொறவு பாத்துக்கலாம்."

அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, குனிந்து, எழுத்தெழுத்தாக எழுதினாள். மங்கையர்க்கரசி என்கிற அவ்வளவு நீளப் பெயருக்கு அந்தக் கட்டத்தில் இடம் காணவில்லை. கோட்டைத் தாண்டி, பதவி என்கிற கட்டத்துக்குள்ளும் போய், அதையும் தாண்டிக் குறிப்புரையில் போய் முடிந்தது.